எழுபது வயது வரை முடியாது

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது ஜெகதீஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனில் ஒரு வங்கியின் மாடியறை. எதிரே ஹஸ்ருல் என்ற இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தான். தமிழ் முஸ்லிம் பையன். அவள் முகத்தில் கலக்கத்தைப் பார்த்துவிட்டு அவனே பேச்சைத் தொடங்கினான்.

“பயப்படாதீங்க அக்கா. மாசம் கட்டுறது ரொம்ப லைட்டாத்தான் வரும். உங்களுக்கு எழுபது வயசு ஆகுற வரைக்கும் டைம் இருக்கு.”

“எழுபதா?”

“ஆமாக்கா. எல்லாரும் அப்படித்தான்லா எடுக்கிறாங்க.”

“எங்க ஃபேக்டரியில அறுபது ஆனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க தம்பி. மிச்சப் பத்து வருசத்துக்கு நீ கட்டுவியா?”

ஹஸ்ருல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். எழுபது வயது வரை முடியாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

அதுவரை அவள் புக்கிட் மெர்தாஜாமில் அண்ணன் ராமதாஸ் வீட்டில் இருந்தாள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டின் பின்னறை அவளுடையதாயிற்று. இரண்டு இடங்களில் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், இரண்டும் கூடிவரவில்லை. அப்புறம் யாரும் பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பு எழுந்து வீட்டுக்கெல்லாம் சமைத்து வைத்துவிட்டு, பாலத்தைக் கடந்து தீவுக்கு வரும் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிப்பாள். சம்பளத்தில் பாதி அண்ணன் கையில். அண்ணன் மகன் சிவநேசனை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதும் அவள்தான். பதினொரு வருடம் இப்படிப் போயிற்று.

சுங்கை பினாங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன் என்று அவள் சொன்ன அன்று ராமதாஸ் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“தனியா ஒரு பொம்பளைக்கு எதுக்கு வீடு? இங்க உனக்கு என்ன கொறை வச்சோம்?”

“கொறைன்னு சொல்லலண்ணே. வெளிய போயிட்டு வந்தா நானே தொறக்கிற மாதிரி ஒரு கதவு வேணும். அவ்வளவுதான்.”

“பேங்குக்காரன் ரத்தத்தை உறிஞ்சிருவான். ரெண்டு வருசத்துல லெலோங் போடுவான் பாரு. அப்ப இங்கதான் வந்து நிக்கணும்.”

“ஏலம் போனாலும் ரூம் வாடகைக்கு எடுத்துக்குவேன். இங்க வந்து நிக்க மாட்டேன்.”

அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை. பின்னால் வந்த வருடங்களில் எத்தனையோ தடவை அது அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பியது.

வீடு ஒன்பதாவது மாடி. இரண்டு அறை, ஒரு சின்ன சமையற்கட்டு, துணி காயப்போடும் இடத்திலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலையும் அதற்கப்பால் ஒரு துண்டுக் கடலும். குடிவந்த முதல் வருடம் நாற்காலி கூட வாங்கவில்லை. தொழிற்சாலையில் கிடைக்கிற கூடுதல் நேர வேலை, ஓ.டி., எல்லாவற்றையும் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, பொது விடுமுறை, தீபாவளிக்கு மறுநாள், எதையும் விடவில்லை. இரவுக்கு ரொட்டியும் டின் மீனும். மாதத் தவணைக்கு மேல் இன்னொரு தவணை அளவுக்குப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினாள். கட்டிவிட்டு வரும்போது தவணைக் காலத்திலிருந்து ஒரு மாதத்தைப் பிடுங்கிக்கொண்டு வருவது போலிருக்கும்.

ஒரு வருடம் கழித்து, கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்கப் போனாள். ஹஸ்ருல் திரையைப் பார்த்தான். தாடையைத் தடவினான்.

“அக்கா, நீங்க கூட கட்டுனது அசல்ல கழியல. அடுத்த மாசங்களுக்கு முன்கூட்டிக் கட்டுனதா அப்படியே நிக்குது.”

“அப்படின்னா?”

“அசல்ல கழிக்கணும்னா அதுக்குத் தனியா எழுதிக் குடுக்கணும்கா. இல்லன்னா சிஸ்டம் அதை அட்வான்ஸா எடுத்துக்கும்.”

“யாரு எங்கிட்ட சொன்னா?”

அவள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். எண் அழைக்கும் கருவி கூவிக்கொண்டே இருந்தது.

“ஒரு வருசம் ஞாயித்துக்கெழம தூங்காம சம்பாரிச்சது தம்பி. எழுதிக் குடுக்கணும்னா இப்பவே பேப்பர் குடு. கழிச்சிட்டேன்னு நீ காட்டுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

அன்று பொழுதுசாய ஆரம்பித்தபோதுதான் வேலை முடிந்தது. ஹஸ்ருல் மேலதிகாரியிடம் இரண்டு முறை போய்வந்தான். ஒரு வருட வட்டி போனது போனதுதான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் ‘அசலில் கழிக்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, கழித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

இப்படி நாலைந்து வருடம். லைன் லீடர் ஆனாள். தலையில் ஒரு பக்கம் நரைத்தது. பின்கழுத்தில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் கைவிரல்கள் மரத்திருந்தன. எல்லாவற்றையும் தைலம் பூசிச் சமாளித்தாள்.

ஒரு ஞாயிறு வேலை முடிந்து வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினாள். ஆறாவது மாடியில் சுவர் தன் பக்கமாகச் சாய்வது போலிருந்தது. உட்கார்ந்தாள். அதற்குமேல் நினைவில்லை.

எதிர்வீட்டு சுஹானாதான் கண்டெடுத்தாள். சுஹானா கீழே சாலையோரம் காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்பவள். ஐம்பதை நெருங்கும் வயது, முட்டி வலி, ஊரே கேட்கும் குரல். அவள் போட்ட சத்தத்தில் மூன்று மாடி ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ரத்த அழுத்தத்தை இரண்டு முறை அளந்து பார்த்தார். இப்படியே போனால் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிடும் என்று நேராகவே சொன்னார். ராமதாஸ் அன்று மாலை வந்தார். கட்டில் ஓரம் நின்று, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

“லோனுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கல்ல? ஏதாச்சும் ஒண்ணுன்னா அவன் பாத்துக்குவான்தானே?”

“பாத்துக்குவான்ணே. நான் செத்தா மிச்சக் கடனை அவன் அடைச்சிருவான்.”

“அப்புறம் என்ன, வீட்டைப் பத்திக் கவலப்படாத.”

அவர் போன பிறகு அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அண்ணன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு ஒன்று மனதில் ஓடியது. தான் இப்படியே உழைத்துச் செத்தால் கடன் தீரும், வீடு அண்ணனுக்குப் போகும், தான் வாங்கத் தவறிய நாற்காலியை அவர் வாங்கிப் போட்டு உட்காருவார். கோபம் காலிலிருந்து ஏறியது. வங்கியின்மேல் வந்த கோபத்தைவிட இது பெரிது. இது தன்மேலேயே வந்த கோபம்.

வீடு திரும்பிய வாரம் சுஹானா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றாள்.

“என் முட்டிக்குத் தண்ணியில நடக்கச் சொல்லியிருக்காரு டாக்டர். ரிலாவ்ல நீச்சல்குளம் இருக்கு, ஞாயித்துக்கெழம காலையில நீச்சலும் சொல்லித் தராங்களாம். தனியாப் போக வெக்கமா இருக்கு. நீயும் வா.”

“எனக்கு நீச்சல் தெரியாதுலா.”

“எனக்கு மட்டும் தெரியுமா? மூழ்குனா ரெண்டு பேரும் மூழ்குவோம்.”

“ஞாயித்துக்கெழம ஓ.டி. இருக்கு.”

“அன்னிக்கு படியில கெடந்தப்பவும் ஓ.டி. தான் இருந்துச்சு.”

ஜெகதீஸ்வரி போனாள். நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக முழங்காலுக்குமேல் தண்ணீரில் இறங்கினாள். பக்கத்துத் தடத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மீன்போல் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்த கையை விடுவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. உடம்பு முழுக்க மூடிய நீச்சல் உடையில் சுஹானா குளத்தின் குறுக்கே நடந்தாள். மூச்சைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டபோது தொழிற்சாலைச் சத்தம், லிஃப்ட் சத்தம், கணக்குச் சத்தம் எல்லாம் நின்றது. அந்த அமைதிக்காகவே அடுத்த வாரமும் போனாள்.

தொழிற்சாலைக் கண்காணிப்பாளர் இம்ரான் அடுத்த ஞாயிறு வேலைக்குப் பெயர் கேட்டபோது அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

“டபுள் பே, ஜெகா அக்கா. நீங்க விட மாட்டீங்களே.”

“ஞாயித்துக்கெழம எனக்குத் தண்ணியில வேலை இருக்கு தம்பி.”

வாரநாள் ஓ.டி.யையும் பாதியாகக் குறைத்தாள். வங்கிக்குக் கூடுதலாகக் கட்டுவதும் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மீன் வாங்கினாள். மரச்சாமான் கடையில் இரண்டு நாற்காலி வாங்கினாள். சேமநிதியிலிருந்து எடுத்து ஒரே அடியாகக் கடனைக் குறைத்துவிடலாமே என்று தொழிற்சாலையில் பலரும் சொன்னார்கள். “கெழவியானப்புறம் சொவத்தையா நக்கித் திங்கறது?” என்று கேட்டு அதைத் தொட மறுத்துவிட்டாள். சம்பளம் வந்ததும் மருந்து, சாப்பாடு, குளம், கை இருப்பு. அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் வங்கிக்கு. மிஞ்சியதை ஒரு காசு விடாமல் கட்டினாள்.

கொரோனா வந்த வருடம் நாடு முழுக்க ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். தொழிற்சாலை ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவளுக்குச் சம்பளமும் வந்தது. “கட்டலன்னா வட்டி நிக்குமா?” என்று ஹஸ்ருலுக்குத் தொலைபேசியில் கேட்டாள். நிற்காது என்றான். அப்படியானால் நானும் நிற்க மாட்டேன் என்று தொடர்ந்து கட்டினாள். சுஹானாவுக்குத்தான் கடை போட முடியவில்லை. அந்த மாதங்களில் எதிர்வீட்டுக்கும் சேர்த்தே சமைத்தாள். அதனால் கூடுதல் தவணை சில மாதம் விட்டுப்போயிற்று. அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

கடன் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கையில் ஒரு சனிக்கிழமை ராமதாஸ் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழங்கள். சிவநேசன் டயர் கடை வைக்கப் போகிறான் என்றார். இடம் பார்த்தாயிற்று, முதல் மட்டும்தான் குறைகிறது.

“இந்த வீடு இப்ப நல்ல வெலை போகுது ஈசு. பேங்குல கேட்டேன். இதை வச்சு மறுபடியும் லோன் எடுத்தா எம்பதாயிரம் தாராளமா குடுப்பான். மாசாமாசம் நாங்களே கட்டிருவோம். பதினஞ்சு வருசத்துல முடிஞ்சிரும்.”

“பதினஞ்சு வருசத்துல எனக்கு என்ன வயசுண்ணே?”

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினார்.

“யாருக்காகச் சேத்து வைக்கிற? புள்ளையா குட்டியா? நாளைக்கு அவன்தானே உன்னைப் பாக்கணும்?”

“எனக்காகத்தான் சேத்து வைக்கிறேன்.”

“பதினோரு வருசம் உன்ன வீட்டுல வச்சுச் சோறு போட்டேன். அதை நெனச்சுப் பாரு.”

“அந்தச் சோத்தை ஆக்குனது நான்தாண்ணே.”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ராமதாஸ் அதைத் தொடாமலேயே எழுந்து போனார். அவள் கதவை மூடிவிட்டு வந்து அந்தத் தேநீரைத் தொட்டியில் கொட்டினாள். அண்ணன் வீட்டில் ஒருவரையும் வேண்டாம் என்று அவள் நினைத்ததில்லை. சிவநேசனை அவள்தான் தோளில் போட்டு வளர்த்தாள். கை இருப்பிலிருந்து ஐயாயிரம் ரிங்கிட்டை அவனுக்குத் தன் பங்காகக் கொடுப்பதென்று அன்றே நினைத்துக்கொண்டாள். வீட்டை மட்டும் கொடுப்பதில்லை.

சிவநேசன் கல்யாணத்துக்கு அவளுக்கு அழைப்பிதழ் வரவில்லை. கைபேசியில் அதன் படம் மட்டும் வந்தது. அழைப்பு அழைப்புதான் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சுஹானாவையும் கூட்டிக்கொண்டு, பாலம் கடந்து மண்டபத்துக்குப் போனாள். நடுவரிசையில் இடம் காட்டினார்கள். நேராக முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். தாலி கட்டி முடிந்து, ஒலிபெருக்கியில் உறவுமுறை சொல்லி ஒவ்வொருவராக ஆசீர்வாதத்துக்குக் கூப்பிட்டார்கள். பெரியம்மா, சித்தப்பா, தாய்மாமன். அத்தையைக் கூப்பிடவே இல்லை.

ஜெகதீஸ்வரி எழுந்தாள். சுஹானா அவள் முந்தானையைப் பிடித்து, “பாத்துலா” என்றாள். அவள் மேடையேறினாள். ஒலிபெருக்கிக்காரர் ராமதாஸைப் பார்த்தார். ராமதாஸ் பந்தல்காலைப் பார்த்தார். அவள் தட்டிலிருந்து அரிசியை அள்ளி மணமக்கள் தலையில் போட்டாள். சிவநேசன் பெண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு காலில் விழுந்தான். எழும்போது மெதுவாகச் சொன்னான்.

“அத்தை, நான் கேக்கல. அப்பாதான்.”

“தெரியும்டா. கடையை நல்லா நடத்து.”

ஐயாயிரம் வைத்த உறையை அவன் கையில் அழுத்திவிட்டு இறங்கினாள். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

கடைசித் தொகையைக் கட்டிய நாளில் அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ஹஸ்ருல் இப்போது அந்தக் கிளையில் பெரிய அதிகாரி. முன்னந்தலை ஏறியிருந்தது. எழுந்து நின்று கைகொடுத்தான்.

“நான் நம்பல அக்கா. சத்தியமா நம்பல. சரி, இப்ப உங்க ரெக்கார்டுக்கு ரெண்டாவது வீடே எடுக்கலாம். வாடகைக்கு விட்டா லோன் அதுவாவே ஓடும்.”

“தம்பி, நாப்பத்தொம்பது வயசுலதான் எனக்கு மாசச் சம்பளம் முழுசா கைக்கு வரப்போகுது. அதுல ஏன் கை வைக்கிற? வீட்டுப் பத்திரம் எப்ப வரும், அதைச் சொல்லு.”

வழக்கறிஞர், நில அலுவலகம், முத்திரை என்று அலைந்து பல மாதம் கழித்துத்தான் பத்திரம் கைக்கு வந்தது. அன்று என்னென்னவோ செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தவள் பிற்பகல் முழுக்கத் தூங்கினாள். எழுந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. சுஹானாவைக் கூப்பிட்டு, ‘மாமாக்’ எனப்படும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அடுத்த வருடம் தொழிற்சாலையில் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். எட்டு மணி நேர முறை போய், இனி பன்னிரண்டு மணி நேர முறை. இரவும் பகலும் மாறி மாறி வரும். சம்மதம் தெரிவித்து ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்டாயம் எதுவும் இல்லை என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தார்கள். இம்ரான் இப்போது மேலாளர். தாள்களை அவரே கொடுத்து வந்தார். கார்க் கடன், வீட்டுக் கடன், பிள்ளையின் கல்லூரிக் கடன் என்று ஒவ்வொருவர் தலைக்குமேலும் ஒன்று இருந்தது. பேனாக்கள் நகர்ந்தன.

ஜெகதீஸ்வரி எழுந்து நின்றாள்.

“கட்டாயம் இல்லன்னு படிச்சீங்க. சைன் பண்ணாதவங்கள என்ன செய்வீங்க, அதைப் படிக்கலையே?”

கூடம் அவள் பக்கம் திரும்பியது.

“அக்கா, அதை அப்புறம் என் ரூம்ல பேசலாம்.”

“இங்கயே பேசலாம் தம்பி. எனக்குப் பிரஷர் இருக்கு. பன்னெண்டு மணி நேரம் நிக்க முடியாது. நான் சைன் பண்ணல.”

தாளை அப்படியே வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்தாள். பின்வரிசையில் இரண்டு மலாய்ப் பெண்களும், மூட்டுவலிக்காரச் சீனப் பெண் ஒருத்தியும், கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் பேனாவைக் கீழே வைத்தார்கள். அதிகம் பேர் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தார்கள்.

ஒரு மாதம் இழுபறி நடந்தது. கடைசியில் கையெழுத்துப் போடாதவர்களைப் பொருள் பரிசோதனை அறைக்கு மாற்றினார்கள். பகல் வேலை மட்டும். ஜெகதீஸ்வரிக்கு லைன் லீடருக்கான படிப்பணம் போயிற்று. சம்பளம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. முன்பானால் அந்தக் குறைவு அவளைத் தூங்க விட்டிருக்காது. இப்போது மீன் வாங்க, மருந்து வாங்க, குளத்துக்குப் போக அது போதும்.

மறுவாரம் இம்ரான் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“லைன்ல ஆள் பத்தல அக்கா. திரும்பி வந்தா பழைய படியோட கொஞ்சம் சேத்தும் தரச் சொல்றாங்க. பன்னெண்டு மணி நேரம்தான், ஆனா பழகிரும். ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க ஒண்ணுமில்ல தம்பி. வர மாட்டேன்.”

“காசு வேணாமா உங்களுக்கு?”

“வேணும். ஆனா அந்த வெலைக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.